கடைசிப் பெட்டியின் கண்ணாடி

விருத்தாசலம் சந்திப்பில் ரயில் பாதைகள் நான்கு திசைக்கும் பிரிகின்றன. வடக்கே விழுப்புரம், தெற்கே அரியலூர் வழியாகத் திருச்சி, கிழக்கே கடலூர், மேற்கே சேலம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தும் வெள்ளாற்றுப் பக்கத்து ஊர்களிலிருந்தும் பேருந்தில் வந்து இங்கே ரயிலேறுகிறவர்களுக்கும், ரயில்வே கேட்டில் வண்டியை அணைத்துவிட்டுக் காத்து நிற்பவர்களுக்கும் எப்போதாவது ஒரு காட்சி வாய்க்கும். ரயில் முழுவதும் கடந்து போன பிறகு, கடைசிப் பெட்டியின் முதுகு வேறு மாதிரி இருக்கும். மற்றப் பெட்டிகளில் இரும்புச் சுவர் இருக்கும் இடத்தில் இதில் பெரிய கண்ணாடி. உள்ளே நாற்காலிகளில் நாலைந்து பேர். அவர்கள் ரயில் போகும் திசையைப் பார்க்கவில்லை. விட்டுவந்த தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கையில் குறிப்பேடு.

பார்த்தவர் மனத்தில் உடனே எழும் கேள்வி: ஓட்டுநர் முன்னால் பார்க்கிறார், பேருந்தில் முன் இருக்கைக்குத்தான் போட்டி, மாட்டுவண்டிக்காரரும் முன்னால்தான் பார்க்கிறார், பாதையைச் சோதிக்க வந்தவர்கள் மட்டும் ஏன் முடிந்துபோன பாதையைப் பார்க்க வேண்டும்? அமெரிக்க ரயில் நிறுவனங்களின் ஆய்வுப் பெட்டிகளைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இரண்டாவது கேள்வியும் வரும். அங்கே யூனியன் பசிபிக், நார்ஃபோக் சதர்ன் போன்ற நிறுவனங்களிடம் ‘தியேட்டர் கார்’ என்றே அழைக்கப்படும் பெட்டிகள் உண்டு. கண்ணாடிக்கு எதிரே இருக்கைகள் சினிமாக் கொட்டகை பால்கனி போலப் படிப்படியாக உயர்ந்து செல்லும். ரயில்வே அதிகாரிகள் பயணம் செய்யும் நம் பழைய சலூன் பெட்டிகளில் தளம் சமமாகவே இருக்கும். படிக்கட்டு வெறும் ஆடம்பரமா, அதற்கு ஒரு வேலை இருக்கிறதா?

இந்த அத்தியாயம் இரண்டாவது கேள்விக்காகவே எழுதப்படுகிறது. அதற்குப் பதில் சொல்ல முதல் கேள்வியைக் கடந்துதான் போக வேண்டும். அந்தக் கண்ணாடியும் படிகளும் சேர்ந்தால் அது ஓர் அளவுகருவி என்பதே என் வாதம். அளக்கும் பொறி மனிதக் கண். பெட்டியின் வேலை, அந்தக் கண்ணைச் சரியான உயரத்தில், சரியான தொலைவில், சரியான நேரத்தில் கொண்டுபோய் வைப்பது.

ஓடும் புளியமரம், நிற்கும் பனைமரம்

முன்பக்கம் இன்ஜின் மறைக்கிறது, அதனால் பின்னால் உட்காருகிறார்கள் என்பது எளிய பதில். அது பாதி உண்மை. தானே ஓடும் இன்ஜின் பொருத்திய ஆய்வு வண்டிகளும் இந்திய ரயில்வேயில் உண்டு; அவற்றில் முன்னாலும் பார்க்கலாம். அப்படியிருந்தும் பின்கண்ணாடிக்கு மதிப்புக் குறையவில்லை. காரணம் கண்ணின் இயல்பில் இருக்கிறது.

பேருந்து ஜன்னலில் எல்லோரும் கண்டதுதான். சாலையோரப் புளியமரம் பட்டென்று ஓடி மறைகிறது. தூரத்துப் பனைமரம் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தோன்றுகிறது. பேருந்தின் வேகம் ஒன்றுதான். ஆனால் அருகிலுள்ள பொருளைப் பின்தொடரக் கண் வேகமாகத் திரும்ப வேண்டியிருக்கிறது, தூரத்துப் பொருளுக்கு மெல்லத் திரும்பினால் போதும். ஒரு நொடியில் கண் எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்பதைக் கோண வேகம் என்பார்கள். அசையும் பொருளை வழுக்காமல் பின்தொடர்ந்து தெளிவாகப் பார்க்கக் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. நொடிக்கு 30 பாகை வரை அது சிரமமின்றித் தொடரும். அதற்கு மேலே போகப் போக உருவம் கலங்கி, கோடாகிவிடும்.

இப்போது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயிலை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். பெட்டியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தண்டவாளத்துக்கு மேலே இரண்டரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைப்போம். கண்ணுக்கு 3 மீட்டர் தொலைவில் கிடக்கும் ஜல்லியைப் பின்தொடர நொடிக்கு 250 பாகைக்கு மேல் கண் திரும்ப வேண்டும். எந்தக் கண்ணாலும் முடியாது. 10 மீட்டரில் அது 38 பாகை ஆகிறது, கடினம்தான். 20 மீட்டரில் 10 பாகை, சுகம். 50 மீட்டரில் ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேலே. பொருள் நிற்பதுபோலவே இருக்கும். ஆனால் அங்கே வேறொரு குறை வருகிறது. தாழ்ந்த கோணத்தில் பார்ப்பதால் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் கிடக்கும் கான்கிரீட் ஸ்லீப்பர்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தெரியத் தொடங்கும். ஆகவே ஸ்லீப்பரையும், அதோடு தண்டவாளத்தைப் பிடித்துவைக்கும் கிளிப்பையும், ஜல்லியையும் பார்ப்பதற்குக் கண்ணுக்கு உகந்த நிலம் என்று ஒன்று இருக்கிறது: சுமார் 12, 14 மீட்டரில் தொடங்கி 50 மீட்டர் வரை. இந்த நிலத்தின் எல்லைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மீண்டும் தேவைப்படும்.

உடம்பு முதலில், கண் பிறகு

முன்கண்ணாடி வழியாகப் பார்க்கிறவருக்கும் இதே நிலம்தான் கிடைக்கிறது, ஆனால் தலைகீழான வரிசையில். தூரத்தில் தெளிவில்லாமல் தோன்றும் ஒரு பொருள் நெருங்க நெருங்கத் தெளிவாகிறது. இன்னதென்று புரியும் நேரத்தில் வேகமெடுத்துக் காலடியில் மறைந்துவிடுகிறது. சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க வழியில்லை. பின்கண்ணாடியில் பொருள் முதலில் கலங்கலாகப் பாய்ந்து வெளிவருகிறது. பிறகு ஒவ்வொரு கணமும் வேகம் குறைந்து, சிறுத்து, அமைதியாகிறது. பார்ப்பவர் விரும்பும் வரை கண் அதை விடாமல் பிடித்துக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பாதையின் குறையைக் கண்ணுக்கு முன்னால் உடம்பு அறிந்துவிடுகிறது. ஒரு பக்கத் தண்டவாளம் சற்றே தாழ்ந்திருந்தால் பெட்டி சாயும். இணைப்பு கெட்டிருந்தால் தூக்கிப்போடும். வளைவில் ஒரு கோணல் இருந்தால் பக்கவாட்டில் உதறும். அனுபவமுள்ள பொறியாளர் உட்கார்ந்த இடத்திலேயே உதறல் எந்த வகை என்று சொல்லிவிடுவார். முன்னால் பார்ப்பவருக்குக் காட்சி முதலில், உதறல் பிறகு. எந்த இடம் உதறப்போகிறது என்று தெரியாததால் எல்லா இடத்தையும் ஒரே கவனத்தோடு பார்க்க வேண்டும். உதறிய பிறகு அந்த இடம் வண்டிக்கு அடியில் போய்விட்டிருக்கும். பின்னால் பார்ப்பவருக்கு உதறல் முதலில், காட்சி பிறகு.

கணக்கைப் பாருங்கள். உதறலை உணர்ந்து, கவனம் குவிந்து, கண் பாதையில் நிலைகொள்ள அரை நொடியிலிருந்து ஒரு நொடி ஆகிறது என்று கொள்வோம். நொடிக்கு 28 மீட்டர் என்றால் அந்நேரம் பழுதான இடம் 14 முதல் 28 மீட்டர் பின்னால் இருக்கும். கண்ணுக்கு உகந்த நிலம் என்று சற்று முன் சொன்னோமே, அதே இடம். உதறல் கொடுத்த இடம் தானாக வந்து கண்ணின் நல்ல எல்லைக்குள் நிற்கிறது. ஜல்லிக்குள்ளிருந்து சேறு பொங்கி ஸ்லீப்பரைச் சுற்றி வெளுத்துக் கிடக்கிறதா, கிளிப் கழன்றிருக்கிறதா, அருகே பாலமோ லெவல் கிராசிங்கோ தொடங்குகிறதா என்று அப்போது பார்த்து, கிலோமீட்டர் கல்லின் எண்ணோடு குறித்துக்கொள்ளலாம்.

ரயில்வேயின் பாதைப் பராமரிப்பு முறையில் பொறியாளர்கள் தங்கள் பிரிவை நடந்தும் டிராலியிலும் பார்ப்பதோடு, இன்ஜினிலும் கடைசிப் பெட்டியிலும் குறிப்பிட்ட இடைவெளியில் பயணம் செய்து பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. இன்ஜினையும் கடைசிப் பெட்டியையும் தனித்தனியாகச் சொல்லியிருப்பதிலேயே இந்த அறிவு அடங்கியிருக்கிறது.

மூன்று வரிசை, ஒரு முழுக் கணக்கு

இப்போது படிகளுக்கு வருவோம். ஒரே ஒருவர் பார்ப்பதென்றால் படியே வேண்டாம். கண்ணாடியை ஒட்டி ஒரு நாற்காலி போதும். ஆனால் பாதையைப் பார்ப்பது ஒருவர் வேலை அல்ல. தண்டவாளம் அறிந்தவர் ஒருவர், பாலம் அறிந்தவர் ஒருவர், சிக்னல்காரர், மேல்மின்கம்பி பார்ப்பவர், வண்டியோட்டத்தை நடத்துபவர் என்று பலர் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் பார்த்தால்தான் அங்கேயே பேசி முடிவெடுக்க முடியும். ஆய்வு ரயிலின் உண்மையான பயன் இந்தப் பேச்சுத்தான். பெட்டியின் அகலத்தில் வசதியாக மூன்று நாற்காலி போடலாம். மீதிப்பேர் இரண்டாம், மூன்றாம் வரிசைக்குப் போக வேண்டும்.

ஒரு மாதிரிப் பெட்டியை மனத்தில் கட்டுவோம். தளம் தண்டவாளத்துக்கு மேல் 1.3 மீட்டர் உயரத்தில். உட்கார்ந்தவரின் கண் தளத்துக்கு மேல் 1.2 மீட்டர், ஆக மொத்தம் இரண்டரை. கண்ணுக்கு மேலே உச்சந்தலை இன்னும் 12 சென்டிமீட்டர். முதல் வரிசை கண்ணாடிக்கு ஒரு மீட்டர் தள்ளி. அடுத்தடுத்த வரிசைகளுக்கிடையே ஒரு மீட்டர். கண்ணாடியின் கீழ்விளிம்பு தண்டவாளத்துக்கு மேல் 1.8 மீட்டர்.

முதல் வரிசைக்காரருக்குக் குறையில்லை. கண்ணாடிக்கு வெளியே இரண்டரை மீட்டர் தொலைவிலிருந்தே பாதை தெரிகிறது. தளம் சமமாக இருந்தால் இரண்டாம் வரிசைக்காரரின் நிலை என்ன? அவர் கண் இரண்டரை மீட்டரில். எதிரே இருப்பவரின் உச்சந்தலை அதைவிட 12 சென்டிமீட்டர் உயரத்தில். அந்தத் தலைக்கு மேலாகப் போகும் பார்வை மேல்நோக்கித்தான் போகும். அவருக்கு நேரே உள்ள பாதையில் எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தாலும் தண்டவாளம் தெரியாது. வானமும் மின்கம்பியும் தெரியும். நாற்காலிகளைச் சற்று விலக்கிப் போட்டால் இரு தலைகளுக்கு நடுவே ஒரு கீற்று கிடைக்கும். முன்னால் இருப்பவர் தலை சாய்த்தால் அதுவும் போகும்.

இரண்டாம் வரிசையை 15 சென்டிமீட்டர் உயர்த்துவோம். வீட்டுப் படி ஒன்றின் உயரம். இப்போது பார்வை முன்னால் இருப்பவரின் தலைக்கு மேலாக இறங்கத் தொடங்குகிறது, ஆனால் மிக மெல்ல. அது பாதையைத் தொடும் இடம் கண்ணாடிக்கு 86 மீட்டர் அப்பால். ஸ்லீப்பர் பார்ப்பதற்கு உகந்த நிலம் 50 மீட்டரில் முடிந்துவிட்டது என்பதை நினைவுகூர்ந்தால், இந்தப் படியால் அவருக்குப் பயனில்லை என்பது புரியும். ஒரு படி வைத்தாயிற்று என்று திருப்திப்பட முடியாது.

30 சென்டிமீட்டர் உயர்த்தினால்? பார்வை பாதையைத் தொடும் இடம் 86 மீட்டரிலிருந்து ஒரே தாவில் 14 மீட்டருக்கு வந்துவிடுகிறது. மூன்றாம் வரிசையை இன்னொரு 30 உயர்த்தினால் அவருக்கும் ஏறக்குறைய அதே 14 மீட்டர். படியின் உயரம் இரண்டு மடங்கானதும் மறைவு ஆறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதோடு, 14 மீட்டருக்கு உள்ளே மறைந்து போகும் பகுதி கண்ணால் எப்படியும் தெளிவாகப் பார்க்க முடியாத பகுதி. படியில் இருப்பவர் இழப்பது பயன்படாத துண்டை மட்டுமே. முன்வரிசைக்காரர் கண்ணுக்கு அது எட்டுகிறதே தவிர, ஓடும் சாம்பல் நிறக் கோடாகத்தான் எட்டுகிறது.

அப்படியானால் 45 சென்டிமீட்டர் வைத்தால் இன்னும் நல்லதல்லவா? மறைவு 7 மீட்டராகக் குறையும்தான். ஆனால் கூடுதலாகக் கிடைக்கும் 7 முதல் 14 மீட்டர் வரையிலான துண்டில் கண் தடுமாறுகிறது; லாபம் சொற்பம். நட்டமோ பெரிது. இன்றைய பெட்டிகளின் கூரை தண்டவாளத்துக்கு மேல் ஏறத்தாழ 4 மீட்டர். மூன்றாம் வரிசையின் தளம் 30 சென்டிமீட்டர்க் கணக்கில் 1.9 மீட்டருக்கு வந்துவிட்டது. கூரையின் கனத்தையும் குளிர்காற்றுக் குழாயையும் கழித்தால் ஒருவர் நிமிர்ந்து நிற்க அங்கே இடம் மட்டுமட்டு. படியை 45 ஆக்கினாலோ நான்காவது வரிசை வைத்தாலோ குனிந்துதான் போக வேண்டும். எனவே முப்பது முப்பதாக மூன்று வரிசை. கண்ணின் எல்லை ஒரு பக்கமும் கூரையின் எல்லை மறுபக்கமும் நெருக்கிப் பிடித்த இடம் அது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். உயரப் போகப் போகக் கண்ணாடியின் மேல்விளிம்பு பார்வையை வெட்டும். மின்கம்பியையும் அதைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டரையும் பார்க்க வேண்டியவருக்கு மூன்றாம் வரிசை ஆகாது. அவர் முன்வரிசையில்தான் இருக்க வேண்டும். யார் எங்கே உட்காருவது என்பதைப் பதவி வரிசை தீர்மானிக்கக் கூடாது, பார்க்க வேண்டிய பொருள் தீர்மானிக்க வேண்டும்.

தச்சரின் ஒற்றைக்கண்

பலகை கோணலா என்று பார்க்கத் தச்சர் அதைக் கிடத்திவைத்து மேலிருந்து பார்ப்பதில்லை. ஒரு முனையைக் கண்ணருகே தூக்கி, ஒற்றைக்கண்ணால் விளிம்பு வழியே நோட்டம் விடுவார். நீளம் முழுவதும் சுருங்கி ஒரு புள்ளிக்குள் வந்துவிடுவதால், நாலடி நீளத்தில் நூலளவு வளைவும் துருத்திக்கொண்டு தெரியும். கடைசிப் பெட்டியின் பார்வையும் அதுதான். நேராகக் கிடக்க வேண்டிய பாதையில் 200, 300 மீட்டர் தூரம் கண்ணாடியின் சிறு பகுதிக்குள் சுருங்கி நிற்கும்போது, பக்கவாட்டுக் கோணல் பெரிதாகிக் காட்டிக்கொடுக்கும். அருகில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. கிளிப்பைப் பார்க்கும் நிலம் 50 மீட்டரில் முடிந்தாலும், பாதை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் நிலம் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது.

இதிலும் வரிசைக்கு வரிசை வேறுபாடு உண்டு. தண்டவாளத்தின் பள்ளம் மேட்டைக் காண டிராக்மேன்கள் குனிந்து, கண்ணைத் தண்டவாளத்தின் மட்டத்துக்கே கொண்டுபோவார்கள். தாழ்ந்த கண்ணுக்குப் பள்ளம் தெரியும். உயர்ந்த கண்ணுக்கு ஜல்லியின் பரப்பும், ஓரக் கால்வாயும், கரையின் சரிவும் தெரியும். ஆகவே மூன்று வரிசைகளும் ஒரே காட்சியின் மூன்று நகல்கள் அல்ல.

கருவி போதாதா?

வலுவான மறுப்பு இதுதான். பாதையை அளக்க இந்திய ரயில்வேயில் தனிப் பதிவு வண்டிகள் ஓடுகின்றன. இரு தண்டவாளங்களுக்கிடையே 1,676 மில்லிமீட்டர் இருக்கிறதா, எது தாழ்ந்தது, எங்கே முறுக்கு என்பதையெல்லாம் மில்லிமீட்டர்க் கணக்கில், ஓடிக்கொண்டே பதிவு செய்கின்றன. ஜப்பானின் ‘டாக்டர் யெல்லோ’ என்ற மஞ்சள் ரயில் புல்லட் ரயில் பாதையை மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் அளந்தது. பிறகு அந்த வேலையைப் பயணிகள் ரயிலிலேயே பொருத்திய கருவிகளுக்கு மாற்றும் ஏற்பாடு வந்து, மத்திய ஜப்பான் ரயில் நிறுவனம் 2025 ஜனவரியில் தன் மஞ்சள் ரயிலுக்கு ஓய்வு கொடுத்தது. இவ்வளவுக்குப் பிறகும் கண் எதற்கு?

மறுப்பின் ஒரு பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். மில்லிமீட்டரில் கண் கருவியோடு போட்டியிட முடியாது. தண்டவாளத்துக்கு உள்ளே ஓடும் விரிசலைக் கண் பார்க்கவே முடியாது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பளபளக்கும் ஜாடியின் உள்விரிசலைப் பார்வை காட்டாது. விரலால் சுண்டினால் நல்ல ஜாடி கணீரென்னும், கீறல் விழுந்தது மங்கிய ஒலி தரும். தண்டவாளத்தையும் செவிக்கு எட்டாத மீயொலியை உள்ளே செலுத்தி, அது திரும்பி வரும் விதத்தை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். அந்த வேலையைக் கண்ணாடிப் பெட்டியிடம் ஒப்படைப்பது பெரும் தவறாகும்.

மறுபாதியை ஏற்க முடியாது. கருவி தனக்குச் சொல்லிக்கொடுத்ததை மட்டுமே அளக்கும். பதிவு வண்டிக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டு தண்டவாளங்களை. பாதை என்பது அவற்றோடு முடிவதில்லை. விருத்தாசலத்துக்குத் தெற்கே இதே பாதையில், 1956 நவம்பர் 23 அன்று விடியும் முன், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த விபத்து வந்தது மழை வெள்ளத்திலிருந்து. பாலத்தை ஒட்டிய பகுதியை ஆறு அரித்திருந்தது. முந்தைய வாரம் ஓர் அளவு வண்டி ஓடியிருந்தாலும் தண்டவாளம் சரி என்றுதான் எழுதியிருக்கும். கண்ணாடிப் பெட்டி ஓடியிருந்தால் விபத்தைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. இருட்டில் ஏறும் வெள்ளத்துக்கு மழைக்கால ரோந்துக்காரர்தான் காவல். ஆனால் தூர்ந்த மதகு, கரையில் புதிதாக விழுந்த ஓடை, பாலத்தின் அருகே மண் அள்ளிய குழி, பாதையைவிட உயர்ந்துவிட்ட பக்கத்து வயல் வரப்பு ஆகியவற்றைப் பருவமழைக்கு முன் ஒரே பகலில் 100 கிலோமீட்டருக்குப் பார்த்து, பொருத்திப் புரிந்துகொள்ளக் கூடியது, உயரத்தில் அமர்ந்த மனிதக் கண்தான். எண்களில் வராத ஆபத்துக்கு ஒரு பார்வையாளர் வேண்டும்.

சலூன் என்ற பெயரின் சுமை

இரண்டாவது மறுப்பு பணத்தையும் நியாயத்தையும் பற்றியது. படுக்கையறையும் சமையலறையும் கொண்ட சலூன், அதிகாரிகளின் சுகத்துக்கு ஏற்பட்டது என்ற எண்ணம் மக்களிடம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. 2018-இல் ரயில்வேயே சில சலூன்களை ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது. சுகத்துக்கான பெட்டி போகட்டும். ஆனால் பார்வைக்கான கண்ணாடியைச் சுகத்தோடு சேர்த்து எண்ணித் தள்ளிவிடக் கூடாது. படிகள் வைத்த பெட்டியில் படுக்கை தேவையில்லை. காலையில் மாட்டி மாலையில் கழற்றலாம்.

அதிகாரி வருகிறார் என்றால் சுண்ணாம்பு அடித்து, ஜல்லியைக் கூட்டி அழகுபடுத்தி வைத்துவிடுவார்களே, அவர் பார்ப்பதில் என்ன உண்மை இருக்கும் என்றும் கேட்கலாம். சுண்ணாம்பு உதறலை நிறுத்தாது. தச்சர் பார்வைக்குக் கோணல் கோணலாகவே தெரியும். இருந்தாலும் இந்த மறுப்பின் உள்ளே ஒரு நல்ல யோசனை இருக்கிறது: தனி ரயிலாக, முன்னறிவிப்போடு, மாலை மரியாதையோடு ஓட்டுவதைவிட, வழக்கமான ரயிலின் வாலில் முன்னறிவிப்பில்லாமல் இந்தப் பெட்டியை மாட்டுவதே மேல். பின்னால் பார்க்கும் பெட்டிக்கு அந்த வசதி இயல்பாகவே இருக்கிறது. முன்னால் பார்க்கும் வண்டிக்குத் தனிப் பாதை நேரம் ஒதுக்க வேண்டும்.

சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 முதல் பெட்டிகளைக் கட்டி வருகிறது. பழைய பெட்டி ஒன்றின் பின்சுவரைக் கண்ணாடியாக்கி, உள்ளே முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு படிகள் எழுப்புவது அதற்குப் பெரிய வேலையல்ல. பெட்டி தயாரானதும் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் ஸ்பானரும் சுத்தியலும் சிவப்புக் கொடியும் சுமந்து தினமும் நடந்து, ஒவ்வொரு கிளிப்பையும் அடித்து இறுக்கும் கீமேன் இருக்கிறார். எந்த மதகில் எந்த மழைக்குத் தண்ணீர் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தன் பாதை 100 கிலோமீட்டர் வேகத்தில் எப்படி உதறுகிறது என்பதைக் கடைசிப் பெட்டியிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதில்லை. அந்தப் பிரிவைப் பெட்டி கடக்கும் நேரமாவது, முன்வரிசையில் ஓர் இருக்கையை அந்தக் கீமேனுக்குக் கொடுங்கள்.